கர்ப்பமா இருக்கும்போது பூனையையும் பறவையையும் வீட்டில் வைத்திருக்கலாமா?

மலர்:
8-வது வாரம் நடக்குது. வீட்டை விட்டு வெளியே போகாத 3 வயசுப் பூனை ஒன்று, ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸ் இருக்கு. பூனையை யாருக்காவது கொடுத்துவிடு என்று ஒரே நச்சரிப்பு. கொடுத்துத்தான் ஆகணுமா? லிட்டர் ட்ரேயை (பூனை மலம் கழிக்கும் மண் தட்டு) நான்தான் சுத்தம் செய்கிறேன்.

வெண்பஞ்சு:
கொடுக்க வேண்டாம், ட்ரேயை மட்டும் வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள். பயமெல்லாம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால்தான். பூனைக்கு அது முதல்முறை தொற்றும்போது 1 முதல் 3 வாரம் வரை மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். வெளியேறிய உடனே அவை தொற்றாது, முதிர்வதற்கு 1 முதல் 5 நாள் வேண்டும். தினமும் அள்ளச் சொல்வது அதனால்தான். வாரம் ஒருமுறை அள்ளுகிற வீட்டில்தான் வம்பு.

ஆள் இல்லாத நாளில் கையுறை போட்டு, தூசி கிளம்பாமல் அள்ளிப் பையில் கட்டிவிடுங்கள். கையுறையைக் கழற்றிய பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவணும். ட்ரேயைக் கழுவக் கொதிக்கும் நீர் ஊற்றுங்கள். ப்ளீச்சுக்கு இந்த முட்டை அசையாது. போதாததற்கு, சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

பூனைக்குப் பச்சை இறைச்சி கூடாது. எலி பிடிக்கவும் விடாதீர்கள். பிரசவம் வரை புதுக் குட்டி எதையும் வீட்டுக்குள் சேர்க்க வேண்டாம். மடியில் வைத்துக் கொஞ்சுவதில் பெரிய ஆபத்து இல்லை.

தோட்டக்காரி:
பூனைமேல் பழியைப் போட்டுவிட்டு அரைவேக்காட்டுக் கறி சாப்பிடுகிறவர்கள் நிறைய. அதே ஒட்டுண்ணி இறைச்சியிலும் மண்ணிலும் இருக்கிறது. கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ், கோழி 74 டிகிரி வரை வேகணும். பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். தொட்டிச் செடியில் கை வைத்தாலும் கையுறை வேண்டும், தெருப்பூனை வந்து போகிற இடம் என்றால் கட்டாயம்.

கூண்டுக்காரன்:
லவ்பேர்ட்ஸை யாருமே கண்டுகொள்ளவில்லையே! கிளி இனப் பறவைகளிடமிருந்து சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் தொற்று வரும். காய்ந்த எச்சம் தூளாகி மூச்சில் போவதுதான் வழி. கூண்டைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அடித்தாளில் தண்ணீர் தெளித்து, நனைந்த பிறகு சுருட்டி எடுக்கணும். அதையும் வேறு யாராவது செய்யட்டும். கூண்டு படுக்கையறையிலும் சமையலறையிலும் இருக்க வேண்டாம். காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால் வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இதற்கு வழக்கமாகத் தரும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள், வேறு மருந்து பார்க்கணும்.

வெள்ளெலி, ஆமை வளர்க்கும் எண்ணமிருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். முன்னதில் கருவைப் பாதிக்கக்கூடிய எல்சிஎம் என்ற வைரஸ், பின்னதில் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா பாக்டீரியா.

மலர்:
நன்றி. டாக்ஸோபிளாஸ்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யணுமா?

வெண்பஞ்சு:
உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டு எதிர்ப்பொருள்களை (தொற்றை எதிர்க்க உடல் உண்டாக்குபவை) ரத்தத்தில் பார்ப்பார்கள். ஐஜிஜி இருந்து ஐஜிஎம் இல்லையென்றால் அது பழைய தொற்று, பொதுவாகக் குழந்தைக்குப் பயமில்லை. இரண்டுமே இல்லையென்றால் இதுவரை தொற்றவில்லை என்று பொருள், மேலே சொன்னதை எல்லாம் விடாமல் கடைப்பிடிக்க வேண்டியவர் நீங்கள்தான். ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தாலும் உடனே கலங்காதீர்கள். அது மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ஐஜிஜி அவிடிட்டி பரிசோதனை கேளுங்கள், ஐஜிஜி ஒட்டுண்ணியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று பார்ப்பது அது. இந்த வாரங்களில் அவிடிட்டி அதிகமாக இருந்தால் தொற்று கர்ப்பத்துக்கு முந்தையது.

பூனைக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. அதற்குப் பாசிட்டிவ் என்றால் முட்டை வெளியேறும் கட்டம் பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும்.