இடது கைக்காரருக்கு எந்த புல்பப் துப்பாக்கி பொருந்தும்?

டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் வசிக்கிறேன். இலக்குப் பயிற்சிக்கு 5.56 மி.மீ. தோட்டா ரகத்தில் ஒரு குட்டையான புல்பப் (இயங்கு பாகம் விசைக்குப் பின்னால் அமைந்த வகை) அரைத்தானியங்கித் துப்பாக்கி வாங்க வேண்டும். இந்த மாத இறுதிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். நான் இடது தோளில் வைத்துச் சுடுபவன்; சிக்கலே அங்குதான்.

முதலில் மனதுக்குப் பிடித்தது டவோர் எக்ஸ்95. இயங்கு பாகம் முழுவதும் விசைக்குப் பின்னால் இருப்பதால், 16.5 அங்குலக் குழல் இருந்தும் மொத்த நீளம் 26 அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவுகளும் (குழல் 16, மொத்தம் 26) சரியாக இருக்கின்றன. பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். வலது கைக்காரருக்கான அமைப்பு என்பதால் வெற்றுத் தோட்டா என் கன்னத்தை ஒட்டியே பாய்ந்தது. வலது தோளுக்கு மாற்றினால் குறி சிதறுகிறது. வெற்றுத் தோட்டாவை இடப்புறம் தள்ளும் இடது போல்ட்டை (தோட்டாவை அறையில் ஏற்றி வெளியே எடுக்கும் பாகம்) தனியாக வாங்கிப் பொருத்தலாம்தான். பிறகு வலது கைக்காரியான என் மனைவி எப்படிச் சுடுவார்? இருவருக்கும் பொதுவாக ஒன்றுதான் வாங்க முடியும்.

ஹெலியன் என்ற இன்னொரு புல்பப் துப்பாக்கியில் கூடுதல் பாகம் இல்லாமலே வெற்றுத் தோட்டா வெளியேறும் திசையை மாற்றலாம், ஆனாலும் ஒவ்வொரு முறையும் பிரித்துப் பூட்ட வேண்டும். கெல்-டெக் ஆர்டிபியோ வெற்றுத் தோட்டாவைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, இரு தோளுக்கும் ஒன்றே. கடையில் தோளில் வைத்துப் பார்த்தேன், நன்றாகப் பொருந்தியது. சுட்டுப் பார்க்க எங்கும் கிடைக்கவில்லை.

ஆர்டிபியை நெடுநாள் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: தொடர்ந்து சுடும்போதும் வெற்றுத் தோட்டா சிக்காமல் கீழே விழுகிறதா?