திருத்துறைப்பூண்டி பக்கம் வீடு: கான்கிரீட்டா, ஸ்டீலா?

வணக்கம். அப்பா அம்மாவுக்கு ஊரில் தரைத்தளம் மட்டும் ஒரு வீடு கட்டப் போகிறோம். வழக்கமான கான்கிரீட்டா, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து போல்ட் போட்டு நிறுத்தும் ஸ்டீல் வீடா என்று குழப்பம்.

மனை முழுக்கக் களிமண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். பக்கத்து வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே விரிசல் ஓடுகிறது. ஸ்டீல் எடை குறைவு, நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனால் எடை குறைந்த கட்டடத்தைத்தான் உப்பும் களிமண் சுலபமாகத் தூக்குமாம். அப்படியென்றால் எதைக் கட்டினாலும் மண் பரிசோதனையும் ஆழமான அஸ்திவாரமும் தப்பாது.

அடுத்து உப்புக்காற்று. ஸ்டீலில் துத்தநாகப் பூச்சு இருந்தாலும் வெட்டிய முனையிலும் திருகாணி ஓட்டையிலும்தான் துரு முதலில் பிடிக்கும். கான்கிரீட்டிலும் உப்பு போர் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். 2018 நவம்பர் கஜா புயலைப் பார்த்தவர்கள் நாங்கள், கூரைப் பிடிமானம் பற்றிய பயம் இன்னும் போகவில்லை.

நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் ஸ்டீல் வீட்டில் சில வருடமாவது குடியிருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: துரு எங்கே தொடங்கியது? மதிய வெயிலில் உள்ளே இருக்க முடிகிறதா? வங்கிக் கடன் கிடைத்ததா? களிமண்ணில் பைல் அஸ்திவாரம் (மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்கிப் போடுவது) போட்ட அனுபவமுள்ள பொறியாளர் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.