ஏழு ரன்னை வைத்துக்கொண்டு என்ன பெருமை?

புள்ளிக்காரன்:
"அடுத்த ஆப்கானிஸ்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் தயார்" என்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆப்கானிஸ்தான் மாதிரி கிரிக்கெட்டில் சின்ன அணியாக இருந்து பெரிதாக வளரப்போவது நைஜீரியாவாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆதாரம் என்ன? 2024 நவம்பரில் லாகோஸில் நைஜீரியா 271 அடித்து, ஐவரி கோஸ்டை 7 ரன்னில் சுருட்டியதாம். ஐவரி கோஸ்ட் உலக கிரிக்கெட் அமைப்பான ஐசிசியில் சேர்ந்ததே 2022ல். அந்த 7 ரன் ஆட்டம் அவர்களுடைய இரண்டாவது சர்வதேச டி20. முதல் ஆட்டத்தில் சியரா லியோனிடம் 21. தவழ்கிற பிள்ளையை ஓட்டப்பந்தயத்தில் முந்திவிட்டுப் பதக்கம் கேட்பதா?

செல்வம் லாகோஸ்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம். ஆடவர் சர்வதேச டி20யில் ஒரு அணி ஒற்றை இலக்கத்தில் சுருண்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் குறைந்தது 10. மங்கோலியாவும் ஐல் ஆஃப் மேனும் எடுத்தது. அவையும் சின்ன அணிகள்தானே? அவர்களை எதிர்த்து ஆடிய சிங்கப்பூரும் ஸ்பெயினும் 10 வரை விட்டார்கள், நைஜீரியா 7க்கு மேல் விடவில்லை. அப்புறம், அதே ஆட்டத்தில் நைஜீரியாவின் செலிம் சலாவ் 53 பந்தில் 112 அடித்ததை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

புள்ளிக்காரன்:
அந்த 7 நைஜீரியாவின் பந்துவீச்சில் வந்ததா, ஐவரி கோஸ்டுக்கு மட்டை பிடிக்கத் தெரியாததால் வந்ததா? அவர்களில் அதிகம் அடித்தவர் 4 ரன். 7.3 ஓவரில் கதை முடிந்தது. 2019 ஜனவரியிலிருந்து எல்லா உறுப்பு நாட்டுக்கும் டி20 அந்தஸ்து என்று ஐசிசி அள்ளிக் கொடுத்ததால் இதெல்லாம் சாதனைப் பட்டியலில் ஏறுகிறது. உகாண்டாவுக்கும் இப்படித்தான் குதித்தீர்கள். 2024 டி20 உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸிடம் 39க்கு ஆல் அவுட். மறந்துவிட்டதா?

செல்வம் லாகோஸ்:
உகாண்டா கிழக்கு ஆப்பிரிக்கா. முதலில் வரைபடத்தைப் பாருங்கள். ஜிம்பாப்வேயைத் தோற்கடித்துத்தான் அந்த உலகக் கோப்பைக்கே வந்தார்கள். 39 நினைவிருக்கிறது, அடிலெய்டு டெஸ்டில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா எடுத்த 36 மட்டும் நினைவில்லை.

புள்ளிக்காரன்:
36 எடுத்த இந்தியா அந்தத் தொடரையே 2-1 என்று வென்றது. 7 எடுத்தவர்கள் எதை வென்றார்கள்?

மஞ்சள்படை:
நைஜீரியா என்றாலே எனக்கு ஆறாது. நம்ம தீபக் சாஹர் 2019ல் நாக்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக ஹாட்ரிக்கோடு 7 ரன்னுக்கு 6 விக்கெட். டி20 உலக சாதனை. இரண்டே வருஷத்தில் நைஜீரியாவின் பீட்டர் அஹோ சியரா லியோனுக்கு எதிராக 5 ரன்னுக்கு 6 எடுத்து அதை அழித்துவிட்டார். வங்கதேசமும் சியரா லியோனும் ஒரே தராசா?

யாழ் வாசன்:
விக்கெட் விக்கெட்தான் தம்பி. நைஜீரியாவில் பயிற்சி கொடுத்தவர்களில் எங்கட இலங்கையின் அசங்க குருசிங்கவும் ஒருவர். 96 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 65 அடித்த மனுசன். ஒன்றுமில்லாத இடத்துக்கு அவர் ஏன் போகிறார்?

மஞ்சள்படை:
சம்பளத்துக்குப் போயிருப்பார். எந்த இழைக்கு வந்தாலும் 96 தானா உங்களுக்கு?

யாழ் வாசன்:
நீர் எந்த இழையிலும் சிஎஸ்கே மஞ்சள் சட்டையைக் கழற்றுறதில்லை, அது மட்டும் பரவாயில்லையோ?

செல்வம் லாகோஸ்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள், விஷயத்துக்கு வருகிறேன். லாகோஸில் நான்கு வருஷம் வேலை பார்த்தவன் நான். தஃபாவா பலேவா சதுக்கத்தின் வெள்ளைக் குதிரைச் சிலைகளைத் தாண்டினால் கிரிக்கெட் மைதானம். வெளியே டான்ஃபோ என்கிற மஞ்சள் மினி பஸ்களின் ஹாரன் காதைக் கிழிக்கும். உள்ளே சனிக்கிழமை காலையில் ஒரு ஜோடி கையுறையை இரண்டு பையன்கள் மாற்றி மாற்றிப் போட்டு ஆடுவார்கள். ஒருவன் அவுட்டானால் ஈரக் கையுறையைக் கழற்றி அடுத்தவன் கையில் திணிப்பான். இதைக் கண்ணால் பார்த்தவன் 7 என்று எழுதினால் அதில் என்ன தப்பு?

1904லேயே லாகோஸ், இன்றைய கானாவான கோல்டு கோஸ்டோடு ஆடியிருக்கிறது. பிறகு நைஜீரியா, கானா, சியரா லியோன், காம்பியா நான்கும் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்கா என்ற ஒரே அணியாக, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றான ஐசிசி டிராபியில் 1982ல் ஆடின. 2001ல் அதே போட்டிக்குக் கனடா போக விசா கிடைக்காமல் அந்த அணி போட்டியிலிருந்தே விலகியது. அங்கிருந்து கிளம்பி 2020ல் நைஜீரியா தனியாக 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போனது.

புள்ளிக்காரன்:
போய் ஆஸ்திரேலியாவிடம் 61க்கு ஆல் அவுட். மேற்கு ஆப்பிரிக்கா என்று மொத்தமாகச் சொன்னீர்களே, காம்பியா எங்கே? 2024 அக்டோபரில் ஜிம்பாப்வேயிடம் 344 வாங்கி, 54ல் சுருண்டு, 290 ரன்னில் தோற்றது.

செல்வம் லாகோஸ்:
காம்பியா வேறு, நைஜீரியா வேறு.

புள்ளிக்காரன்:
தோற்றால் வேறு, ஜெயித்தால் மேற்கு ஆப்பிரிக்கா. நல்ல கணக்கு.

செல்வம் லாகோஸ்:
நியூசிலாந்து சின்ன அணியா, சொல்லுங்கள். 2025 ஜனவரியில் மலேசியாவின் கூச்சிங்கில், 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. மழையால் 13 ஓவர். நைஜீரியா 65. கடைசி ஓவரில் நியூசிலாந்துக்கு 9 தேவை. நைஜீரியாவின் லிலியன் உடே 6 தான் கொடுத்தார். 2 ரன்னில் ஜெயித்தார்கள். அன்றைக்கு நான் அலுவலகத்தில் போனில் ஸ்கோரைப் பார்த்துக் கத்தி, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக வந்தால் பொறுக்க மாட்டேன்.

புள்ளிக்காரன்:
அவர்களை யார் குறை சொன்னார்கள்? அந்த ஆட்டத்தை முன்னால் வைத்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். நீங்கள் முன்னால் வைத்தது 7. நான் கேட்பதும் அந்த 7தான்.

மஞ்சள்படை:
சாஹர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

யாழ் வாசன்:
சொல்லியாச்சு. விக்கெட் விக்கெட்தான்.

செல்வம் லாகோஸ்:
7 சாதனைப் புத்தகத்தில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் ஐசிசிக்கு எழுதுங்கள், என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். இன்று இரவு சலாவின் 112 பற்றித் தனி இழை திறக்கிறேன்.

புள்ளிக்காரன்:
திறங்கள். எதிரில் பந்து போட்டது யார் என்று முதல் வரியிலேயே போடுங்கள். அங்கேயும் வருவேன்.