எடை கூட நீங்கள் என்ன குடித்தீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

வயது 27, உயரம் 170 செ.மீ. ஐந்து மாதம் முன்பு என் எடை 48 கிலோ. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ 16.6 என்று வந்தது. 18.5க்குக் கீழே போனாலே எடை குறைவு. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் "பையனுக்குச் சோறு போடுறதில்லையா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா முகம் வாடிப் போகும். அதற்காகவே ஆரம்பித்தேன்.

முதலில் தட்டில் சோற்றைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாவது தோசைக்கு மேல் இறங்கவே இல்லை. கூட வேலை பார்க்கும் அண்ணா ஒருவர்தான், "மென்னு தின்ன முடியாததை அரைச்சுக் குடிடா" என்றார். அதுதான் எனக்கு வேலை செய்தது. அதே அளவு கலோரியைத் தின்றால் வயிறு அடைத்துக்கொள்கிறது, குடித்தால் அவ்வளவு அடைப்பதில்லை.

நான் குடிப்பது இதுதான்: ஆரஞ்சு பாக்கெட் பால் 250 மி.லி., ஒரு நேந்திரம்பழம், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, நாலு பேரீச்சம்பழம். ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3 சதவீதம்தான். அந்த ஒரு மாற்றத்திலேயே டம்ளருக்கு 70 கலோரி போலக் கூடுகிறது. கடலையைத் தோல் நீக்கி முதலில் தனியாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். பாலோடு சேர்த்துப் போட்டால் நறநறவென்று பல்லில் மாட்டும். பேரீச்சை சூடான பாலில் பத்து நிமிடம் ஊறட்டும். எல்லாம் சேர்த்து 600 கலோரியைத் தாண்டும். அதே அளவு சாத்துக்குடி ஜூஸில், சர்க்கரை போட்டாலும் இதில் பாதிகூட வராது.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் குடித்தேன். மதியச் சோறு பாதியாகிவிட்டது. எடை அப்படியே நின்றது. காலை 11 மணிக்கு ஒன்று, இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து அரை டம்ளர் என்று மாற்றிய பிறகுதான் முள் நகர்ந்தது. ஒரு கிலோ கூட ஏறக்குறைய 7,700 கலோரி உபரி வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எனக்கு இன்னும் வேகமாக ஏறியிருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் 5 கிலோ, அவ்வளவுதான். இப்போது ஒரு மாதமாக 53லேயே நிற்கிறது. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

* * *

தம்பி, நான் நாகர்கோவில் பக்கம். என் மகன் கல்லூரிக்குப் போன முதல் வருடம் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அந்த லீவு முழுவதும் அவனுக்குக் காலையில் உளுந்தங்கஞ்சிதான் கொடுத்தேன்.

தொலி உளுந்து (தோல் நீக்காத கறுப்பு உளுந்து) அரை டம்ளரை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசி கால் டம்ளர், பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேகவிட வேண்டும். நன்றாக மசித்து, கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்த பிறகு அரை மூடித் தேங்காயின் முதல் பாலைச் சேருங்கள். பாலை ஊற்றிக் கொதிக்க வைத்தால் திரிந்துவிடும். சத்து மொத்தமும் அந்தத் தேங்காய்ப்பாலிலும் உளுந்திலும்தான். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மி.லி.யில் ஏறக்குறைய 200 கலோரி இருக்கிறது.

இனிப்பு திகட்டினால் உப்புப் போட்டுத் துவையலோடு குடிக்கலாம். அவனுக்கு அதுதான் பிடித்தது. இரண்டு மாதத்தில் கன்னம் எழும்பிவிட்டது.

* * *

எனக்குப் பால் ஆகாது. குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, உடனே ஓட வேண்டியிருக்கும். வாழைப்பழ மில்க் ஷேக்கை நம்பி ஒரு மாதம் வீணாக்கினேன். ஏறியதை விட இறங்கியதுதான் அதிகம். இப்போது தேங்காய்ப்பாலில் பூவன்பழமும் நாட்டுச் சர்க்கரையும் அடித்து, இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு கலந்துகொள்கிறேன். தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு, அதற்குத்தான் அந்த மாவு. தயிர் எனக்கு ஒத்துக்கொள்கிறது, அதனால் மாலையில் கெட்டி லஸ்ஸி.

* * *

மாஸ் கெயினர் என்கிற எடை கூட்டும் பொடி வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டு வருடம் முன்பு தெரிந்த ஒருவர் மூலம் ஒரு டப்பா வாங்கினேன். "மூலிகை, பாலில் கலந்து குடி" என்றார்கள். டப்பாவின் மேல் ஒரு எழுத்துக்கூட இல்லை. மூன்று வாரத்தில் 4 கிலோ ஏறியது. பசி என்றால் அப்படி ஒரு பசி. நானும் சந்தோஷமாகத் தொடர்ந்து குடித்தேன். மூன்றாவது மாதம் முகம் நிலா மாதிரி உருண்டு வீங்கிவிட்டது. வயிறு மட்டும் முன்னே வந்தது, கை கால் அப்படியே ஒல்லி. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கும்.

டாக்டர் பார்த்தவுடனே, "ஏதாவது பவுடர் சாப்பிடுறீங்களா?" என்றுதான் கேட்டார். காலை ரத்தத்தில், உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் மிகக் குறைவாக இருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும் என்றார். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடின் போன்ற மருந்துகளை இப்படிப்பட்ட பொடிகளில் கலப்பது உண்டாம். பயத்தில் சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழுகிற அளவுக்குப் போகலாம் என்று, மாத்திரை கொடுத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். யாராவது இப்போது அப்படி ஒன்றைக் குடித்துக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

லேபிள் உள்ள பொடி என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் உட்பொருள் பட்டியல்: எது அதிகமோ அதுதான் முதலில் வரும். பெரும்பாலான கெயினரில் முதல் பெயர் மால்ட்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்திலிருந்து எடுப்பது. அந்த மாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதற்கு நம் வீட்டுச் சத்துமாவுக் கஞ்சி எவ்வளவோ மேல்.

* * *

இலங்கையில் நாங்கள் ஆனைக்கொய்யா சீசனில் வேறு எதையும் தேடுவதில்லை. அங்கே பட்டர் ஃப்ரூட் என்பீர்கள். 100 கிராமில் 160 கலோரி போல, பெரும்பாலும் நல்ல கொழுப்பு. டின் பால் விட்டு அடித்தால் கரண்டியால் அள்ளிச் சாப்பிடலாம். கனநேரம் வைத்தால் கறுத்துவிடும், தேசிக்காய் (எலுமிச்சை) இரண்டு சொட்டு விடுங்கள்.

* * *

மேலே உள்ள எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் தம்பிக்கு அப்போது 19 வயது. மூன்று மாதத்தில் 9 கிலோ இறங்கிவிட்டான். பரீட்சைக் கவலை, வெயில் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். அம்மா தினமும் வாழைப்பழம், பேரீச்சை, தேன் போட்டு மில்க் ஷேக் அடித்துக் கொடுத்தார். நான் கடையிலிருந்து ஜூஸ் வாங்கி வந்தேன். தாகம் தாகம் என்பான், இன்னொரு டம்ளர் கொடுப்போம். இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கப் போனான். அதையும் நிறையக் குடிப்பதால்தான் என்று நினைத்தோம். ஒரு நாள் வாந்தி, மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 480. டைப் 1 நீரிழிவு. இரண்டு நாள் ஐசியூவில் இருந்தான்.

இப்போது இன்சுலின் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான், எடையும் பழையபடி வந்துவிட்டது. ஆனால் அந்த டம்ளர்களை அம்மாவால் இன்னும் மறக்க முடியவில்லை.

சின்ன வயதிலிருந்தே ஒல்லி என்பது வேறு. இருந்த எடை காரணமில்லாமல் இறங்குவது வேறு. இறங்கினால் முதலில் சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோயா என்று பார்க்க அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள், காசு கிடையாது. தம்பி, நீங்கள் பார்த்தீர்களா?

* * *

அக்கா, பார்க்கவில்லை. பள்ளியிலிருந்தே நான் ஒல்லிதான், இறங்கியது இல்லை, தாகமும் இல்லை. ஆனாலும் தினம் நாலு பேரீச்சையும் பழமும் போட்டுக் குடிக்கிறவன் ஒரு தடவைகூடச் சர்க்கரை பார்த்ததில்லை என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. நாளை காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறேன், தைராய்டும் சேர்த்து. இரவு டம்ளர் இன்றைக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தொலி உளுந்து மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், ரிப்போர்ட் வந்த பிறகு கஞ்சி.