மறு: டப்பட் கிளியரன்ஸுக்குத் தமிழ்ல என்ன? இடைவெளி போதுமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம மடற்குழுவுல ரெண்டே வரியில ஒரு கேள்வி கேட்டேன், டப்பட் கிளியரன்ஸுக்குத் தமிழ்ல என்ன போடலாம்னு, அதாவது இஞ்சின் வால்வுத் தண்டுக்கும் அதத் தள்ளித் திறக்கற ராக்கருங்கிற சின்ன நெம்புகோலுக்கும் நடுவுல விடுற மெல்லிய சந்துக்கு. ஒரு வாரத்துல பதினாலு மடல், அதுல பாதி காருக்கு மகிழுந்தா சீருந்தாங்கிற நம்ம பரம்பரைச் சண்டை, அத இப்படியே விட்டுடறேன். மிச்சத்துக்கு ஒண்ணொண்ணா பதில் சொல்றேன், நீளமா போகும், தே தாரிக் (இழுத்து ஆத்தின டீ) ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டு உக்காருங்க.

புதுசா சேந்தவங்களுக்கு: என்கிட்ட 1969 மாடல் வோக்ஸ்வேகன் கோம்பி வேன் இருக்கு, இஞ்சின் பின்னால, 1600 சிசி, உள்ள மடக்குப் படுக்கை, ஒத்தை அடுப்பு, மேல தூக்கி விடுற கூரை, சுத்தி கித்தான். ஆயர் ஈத்தாம்ல வீட்டு வாசல்ல நிக்குது. பினாங்கு மழைக்கும் ஈரத்துக்கும் கூரை ஓரத்துக் காடி, சக்கரத்துக்கு மேல, பேட்டரி வைக்கிற தட்டுன்னு மாத்தி மாத்தி கரட் (துரு) பிடிக்கும், தேய்ச்சு பெயிண்ட் அடிச்சுக்கிட்டே இருக்கணும், அது தனிக் கதை. வேலையெல்லாம் நானேதான் பாக்கறேன், ஆசை பாதி, காசில்லாதது பாதி. அக்கா மகன் சனிக்கிழமை ஆனா வந்து கூட நிப்பான், மலாய்ப் பள்ளியில படிச்ச பையன், தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பான். அவனுக்காகத்தான் இந்தக் கையேடு எழுதறேன், அதுலதான் இந்த வார்த்தையில மாட்டிக்கிட்டேன்.

> இடைவெளி என்று பாடநூலிலேயே உள்ளது. புதிதாக எதற்கு?

ஐயா, முதல்ல நானும் அப்படித்தான் எழுதினேன். ‘வால்வு இடைவெளி 0.15 மில்லிமீட்டர்’னு. பையன் படிச்சான், வண்டிக்கு அடியில போனான், ஒரு மணி நேரம் கழிச்சு வந்து ‘மாமா, இஞ்சின் சத்தமே இல்ல பாருங்க’ன்னு சிரிக்கிறான். என்னன்னு பாத்தா எல்லாத்தையும் 0.10-க்கு இறக்கி வச்சிருக்கான். ஏண்டான்னா, இடைவெளி கொறைஞ்சா நல்லதுதானேங்கிறான். அவனத் திட்ட முடியல. நம்ம மொழியில இடைவெளின்னாலே குறைக்க வேண்டிய சங்கதிதான, ஏழை பணக்காரன் இடைவெளி, அப்பன் மகன் இடைவெளி, எல்லாம் குறையணும்னுதான மேடையில பேசறோம். இங்க அது குறைஞ்சா இஞ்சின் போச்சு. வார்த்தையே பையனத் தப்பான பக்கம் தள்ளுது, அதான் என் புகார், மத்தபடி இடைவெளி மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கெடையாது.

போச்சுன்னா எப்படிப் போகும்னு எனக்கு நல்லாத் தெரியும். சில வருஷம் முன்ன கேமரன் மலைக்குப் போனோம், தாப்பா வழியா, பழைய ரோடு. லாத்தா இஸ்கண்டார் அருவி தாண்டி கொஞ்ச தூரம், ரெண்டாம் கியர்ல ஏறிக்கிட்டிருக்கு, திடீர்னு பின்னால சுத்தியலால தகரத்த அடிக்கிற மாதிரி கட கடன்னு சத்தம், அவ்ளோதான், நின்னுடுச்சு. மூணாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் (புகைய வெளிய விடுற) வால்வோட தலை முறிஞ்சு உள்ள விழுந்து பிஸ்டன ஓட்டை போட்டிருக்கு. பொண்டாட்டி பிள்ளைங்க ரோட்டோரமா, இழுவை லாரி வர நாலு மணி நேரம். டப்பட் கடைசியா வச்சது யாருன்னா நான்தான். சத்தம் கேக்கக்கூடாதுன்னு சும்மா ஒரு திருகு கூட வச்சு விட்டேன், மருமகன் செஞ்ச அதே வேலை.

விஷயம் என்னன்னா, எக்ஸாஸ்ட் வால்வு நெருப்புலயே நிக்குது, அது வாங்கின சூட்டுல பெரும்பகுதிய எறக்கி வைக்கிறது மூடி உக்கார்ற அந்தக் கொஞ்ச நேரத்துலதான், உக்கார்ற விளிம்பு வழியா சிலிண்டர மூடியிருக்கிற ஹெட்டுக்குப் போகும். ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவுல கேப் இல்லாம போனா வால்வு முழுசா உக்காராது, உக்காரலன்னா சூடு எறங்காது, எறங்கலன்னா தண்டு நீளும், நீண்டா இன்னும் இறுகும். அதுலயும் மூணாம் சிலிண்டர் பாவப்பட்டது. இந்த வருஷத்து வண்டியில ஆயில் கூலர் காத்தாடிக் கூண்டுக்குள்ளயே நிக்குது, மூணாவதுக்குப் போற காத்து கூலர்ல பட்டு சூடாகித்தான் போகும். 1971 மாடல்ல கூலரத் தனியா ஒதுக்கி வச்சு சரி பண்ணாங்க, என் வண்டி அதுக்கு முந்தினது.

> ‘சூட்டிடம்’ எப்படி அண்ணே? தண்டவாளத்துல விடுற மாதிரி, சூட்டுல வீங்க இடம்.

தங்கச்சி, கேட்டதும் சொக்கிட்டேன், ரெண்டு நாள் கையேட்டுல அதத்தான் போட்டு வச்சிருந்தேன். (இன்னொருத்தர் ‘வெப்பவிடம்’னு எழுதினார், படிச்சவுடனே பாம்பு ஞாபகம் வந்துச்சு, மன்னிக்கணும்.) ஆனா யோசிச்சுப் பாத்தா இந்த இஞ்சினுக்கு அது பொருந்தல. நிறைய இஞ்சினுக்கு நீங்க சொல்றது சரி, சூடாக ஆக கேப் சுருங்கும். இதுல கேஸ் (இஞ்சினோட நடு உடம்பு) மெக்னீசியக் கலவை, ஹெட் அலுமினியம், சூடானா மொத்த இஞ்சினும் அகலமாகி ஹெட்டு வெளிய தள்ளிப் போகும், ராக்கரத் தள்ளுற கம்பி, புஷ்ராடும் முனை ரெண்டு தவிர அலுமினியம்தான், அதுவும் கூடவே நீளும். அதனால சூட்டுல கேப் பெருசா சுருங்கறதில்ல. ரேஸ் ஆசையில இரும்பு புஷ்ராட் மாத்தினவங்களக் கேளுங்க, இரும்பு அவ்ளோ நீளாது, சூட்டுல கேப் கூடத்தான் செய்யும், அதனாலதான் அவங்க ஆறின இஞ்சின்ல கிட்டத்தட்ட ஜீரோவுல வைக்கிறாங்க. அப்ப ‘சூட்டிடம்’னு பேர் வச்சா அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? நம்ம வண்டியில கேப்ப மெல்ல மெல்லத் திங்கிறது தேய்மானம், வால்வு உக்கார்ற எடத்துல அமுங்கிப் போறது, தண்டு இழுபட்டு நீள்றது. ஒரு நாள் சூடு இல்ல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்.

> வால்வுக்கு ஓரதர் இருக்க ஏன் வால்வு?

ஓரதர் அழகான சொல்தான், ஒரு வழி. சைக்கிள் டயருக்கு வச்சுக்கலாம், காத்து உள்ள போகும் வெளிய வராது. இஞ்சின் வால்வ கேம் வந்து தள்ளித் திறக்குது, ஸ்பிரிங் இழுத்து மூடுது, ஒரு வழியெல்லாம் அதுவா பாக்கறதில்ல. வால்வுன்னே இருக்கட்டும், எங்க அம்மாவுக்கே தெரிஞ்ச வார்த்தை.

இப்ப என் பக்கத்துச் சரக்கு. எங்க தெருக்கோடியில ஒரு பெரியவர், எஸ்டேட் லாரிங்க பாத்த பழைய ஃபோமன், எழுபதத் தாண்டிட்டார். அவரக் கூப்பிட்டு ‘மாமா, இதுக்கு என்ன சொல்வீங்க’ன்னு நேரா கேட்டா ‘டப்பட்’ங்கிறார், அதுக்கு மேல ஒண்ணும் தேறல. சரின்னு வால்வு கவரத் திறந்து விட்டுட்டு சும்மா பக்கத்துல நின்னேன். கம்பியக் கீழ நெம்பி, கவர எடுத்து, சொட்டுற கறுப்பெண்ணெயத் துணியால தொடச்சிட்டு, ராக்கர ரெண்டு விரலால பிடிச்சு ஆட்டிப் பாத்தார், அளக்கற தகடு கிகடு எதுவும் இல்லாம. ஒண்ணு, ரெண்டு, மூணாவதுல நிறுத்திட்டு சொன்னார்: ‘இது இறுகிப்போச்சு, கொஞ்சம் இளக்கி விடு.’

அதான். பேரக் கேட்டப்ப வரல, வேலையில வாய்விட்டு வந்துடுச்சு. இறுகுறது கெட்டது, இளக்கம் விடுறது நல்லது, எந்தப் பக்கம் ஆபத்துன்னு வார்த்தையே சொல்லுது. வால்வு இளக்கம் 0.15. ‘இளக்கம் பாரு’, ‘இளக்கம் போச்சு’, ‘இளக்கம் சரியா இருக்கு’, எல்லாம் வண்டிக்கு அடியில இருந்து கத்தினாலும் புரியுது, நான் கத்திப் பாத்தேன். தளர்வுன்னும் போடலாம், ஆனா அது ஊரடங்கு நேரத்துல கேட்டுக் கேட்டு சலிச்சுப் போன சொல்லு.

என்ன சொல்றீங்க?

ஆயர் ஈத்தாமிலிருந்து

-----

தம்பிக்கு,

இடைவெளி பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். நாற்பது ஆண்டு பள்ளியில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியும் அது எப்போதும் குறையவே வேண்டியதாக இருப்பதை நான் கவனித்ததில்லை.

ஆனால் இளக்கம் என்றதும் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மலமிளக்கி என்று ஒன்று இருப்பது தம்பிக்குத் தெரியும்தானே? ‘வண்டிக்கு இளக்கம் பார்த்தாச்சா’ என்று நீங்கள் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் விளக்கெண்ணெய் கொண்டு வந்து நிற்பார். இடுக்கு என்ற சொல்லைப் பாருங்கள். விரல் இடுக்கு, கதவு இடுக்கு. மெல்லிய சந்து என்பது அதிலேயே உள்ளது. 0.15 மில்லிமீட்டரை இடைவெளி என்பதைவிட இடுக்கு என்பதே பொருத்தம்.

மற்றபடி இலக்கணத்தில் குறையில்லை. இறுகு, இறுக்கு, இறுக்கம். இளகு, இளக்கு, இளக்கம். தானாக ஆவதும் நாம் செய்வதும் இரண்டுக்கும் சொல் இருக்கிறது. இடுக்குக்கு இளக்கும் பக்கம் இல்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

செந்தூலிலிருந்து

-----

ஐயா, அண்ணே,

சூட்டிடம் போனதுல வருத்தம் இல்ல (கொஞ்சம் இருக்கு). புஷ்ராட் கணக்கு எனக்குத் தோணவே இல்ல, நான் தண்டவாளத்தையே நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இடுக்கு வேணாம்னு தோணுது, இடுக்குன்னா அழுக்கு சேரற எடம், சுத்தம் பண்ணணும்னு கை போகும். இளக்கத்துக்கு ஓட்டு. விளக்கெண்ணெய் வந்தா வாங்கி வச்சுக்குங்க, கித்தான் கூரையோட கீலுக்கு ஆகும்.

இன்னொண்ணு, ஃபீலர் கேஜுக்கு, அதான் அந்தச் சந்துல விட்டு அளக்கற மெல்லிய தகட்டுக்கு, என்ன போடப் போறீங்க? இடைவெளிமானின்னு யாராவது எழுதறதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க.

கிள்ளான்ல இருந்து

-----

தங்கச்சி, ஐயா,

விளக்கெண்ணெய் ஜோக் வீட்டுலயும் ஓடிடுச்சு, மருமகன் இப்ப டப்பட் வைக்கறப்பல்லாம் ‘மாமா, வண்டிக்கு பேதி குடுக்கலாமா’ங்கிறான். ஒரு வார்த்தைய மறக்காம இருக்க இதவிட நல்ல வழி உண்டா?

ஃபீலர் கேஜுக்கு இளக்கத்தகடு. ‘மானி’ வேணாம், மானின்னா முள்ளு ஆடும், எண்ணு காட்டும்னு எதிர்பாப்போம், இது வெறும் தகடு, எண்ணக் கையிலதான் உணரணும். கையேட்டுல இப்படி எழுதிருக்கேன்: ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பாரு, இஞ்சின் தொட்டா சில்லுனு இருக்கணும். முதல் சிலிண்டர்ல ஆரம்பி, அதோட வால்வு ரெண்டும் மூடி பிஸ்டன் உச்சியில இருக்கணும், அப்புறம் புல்லியப் பின்பக்கமா அரைச் சுத்து அரைச் சுத்தா திருப்பினா ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா வரும், ஃபயரிங் வரிசை 1-4-3-2 ஆனதால பின்னால போறப்ப நேர் வரிசை, இத எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா எத்தனை சனிக்கிழமை மிச்சமாயிருக்கும். 0.15 தகடு விட்டா லேசா உரசிக்கிட்டு போகணும், மூடின புஸ்தகத்துல இருந்து பக்கக்குறிச் சீட்ட உருவற மாதிரி. 0.20 நுழையவே கூடாது. 13-ஆம் நம்பர் ஸ்பானரால நட்ட இறுக்கறப்ப திருகும் கூடவே கொஞ்சம் சுத்திடும், அதனால இறுக்கினப்புறம் மறுபடி தகடு விடு. இந்த மறுபடி-ய விட்டுடறவங்கதான் நிறைய, நானும்தான்.

கடைசியா ஒண்ணு. பையன் ஒரு பழைய எக்சர்சைஸ் புக்குல 5000 கிலோமீட்டருக்கு ஒருக்கா எட்டு வால்வுக்கும் கணக்கு எழுதறான், திருகத் தொடறதுக்கு முன்ன எவ்ளோ இருந்துச்சுன்னு. தலைப்பு நான் சொல்லல, அவனே ‘இலக்கம்’னு எழுதி, அப்புறம் அடிச்சு ‘இளக்கம்’னு திருத்தியிருக்கான் (ஐயா, நம்பருன்னு நெனச்சுட்டான் போல). நேத்து பாத்ததுல ஏழு வால்வு அசையல. மூணாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் மட்டும் போன தடவை 0.12-க்கு வந்திருந்துச்சு, 0.15 வச்சு விட்டோம், இப்ப 0.10. பக்கத்துல ‘இறுகுது’ன்னு சிவப்புல எழுதி ரெண்டு கோடு போட்டு வச்சிருக்கான்.

ஹெட்டக் கழட்டணும் போல. கேமரன் மலை திட்டத்தத் தள்ளி வச்சாச்சு. பினாங்குல யார்கிட்டயாவது சின்ன டார்க் ரெஞ்ச் (நட்ட அளவு பாத்து இறுக்கற ஸ்பானர்) இருந்தா ஒரு வாரத்துக்குக் குடுங்க, அதுக்குத் தமிழ் அப்புறம் பாத்துக்கலாம்.

ஆயர் ஈத்தாமிலிருந்து