ஓட்டோ மீன் வளர்த்த அனுபவம் யாருக்காவது இருக்குங்களா?

திருப்பூர்: இரண்டடித் தொட்டி. செடிகளும் கொஞ்சம் நியான் டெட்ரா மீன்களும் இருக்கின்றன. கண்ணாடியில் பழுப்புப் பாசி படிகிறது. பாசி தின்னும் குட்டி மீனான ஓட்டோசிங்கலஸ் (ஓட்டோ) கேட்டால், "அது நிக்காதுங்க, செத்துப்போயிடும்; சக்கர் மீன் எடுத்துட்டுப் போங்க" என்கிறார் கடைக்காரர்.

வடவள்ளி: நிற்குமுங்க. என்னிடம் ஒரு கூட்டமே இருக்கிறது. இங்கே வருவதில் பெரும்பாலும் தென் அமெரிக்க ஆறுகளில் பிடித்தவை. அங்கிருந்து நம் ஊர்க் கடைக்கு வந்து சேரும்வரை அரை வயிறுகூட நிறையாது. நோய் வந்து செத்தது என்று நாம் நினைப்பதில் பல பட்டினிச் சாவுதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். உருண்டிருந்தால் வாங்கலாம்; குழிந்திருந்தால் எவ்வளவு சுறுசுறுப்பாகத் திரிந்தாலும் வேண்டாம். அன்றைக்கு வந்திறங்கிய சரக்கையும் எடுக்காதீர்கள்.

சில மாதம் ஓடிய தொட்டியில், ஆறேழு மீனாக விடுங்கள். பழுப்புப் பாசியைச் சீக்கிரமே வழித்துத் தின்றுவிடும். சிக்கலே அங்கேதான்: கண்ணாடி பளிச்சென்று ஆனால் நமக்குச் சந்தோஷம், அதற்குப் பசி. பீர்க்கங்காயைத் தோல் சீவி, வில்லையாக நறுக்கி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, முள்கரண்டியில் குத்தி இரவில் இறக்குங்கள். முதலில் சீண்டாது, விடாமல் போடுங்கள். காலையில் எடுத்துவிட வேண்டும். அப்புறம், மொட்டை மாடி வெயிலில் ஒரு வாளித் தண்ணீரில் கூழாங்கற்களைப் போட்டு வைத்துப் பச்சை படிந்ததும் மாற்றி மாற்றித் தொட்டிக்குள் வைக்கலாம். வாளிக்கு வலை கட்டாவிட்டால் கொசுப்பண்ணைதான்.

ஈரோடு: சிறுவாணித் தண்ணீர்க்காரர்களுக்கு எல்லாம் சுலபம்! எங்களுக்கு போர் தண்ணீர், வெறும் உப்பு. ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கிறேன். புது மீன் வந்தால், ஏர் டியூப்பில் முடிச்சுப் போட்டு ஒரு மணி நேரமாவது தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைத் தண்ணீரில் இறக்கிய பிறகுதான் விடுவேன். 22 முதல் 26 டிகிரி ஓட்டோவுக்குச் சுகம். சித்திரையில் எங்கள் தொட்டி 31-ஐத் தொடும். மூடியைத் திறந்து டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பில் அடிக்க விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம், விழுங்கிய காற்றிலிருந்தும் அதனால் மூச்சுவிட முடியும். எல்லா மீனும் அடிக்கடி மேலே வந்தால் உடனே தண்ணீர் மாற்றுங்கள்.

பொள்ளாச்சி: ஓட்டோ இரண்டு அங்குலம் தாண்டாது. சக்கர் ஒரு அடிக்கு மேலும் வளரும். தொட்டி கொள்ளவில்லை என்று பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் விடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், எரிச்சலாக வரும். வெளிநாட்டு மீன், பெருகினால் ஒழிக்கவே முடியாது.

திருப்பூர்: சரிங்க, ஓட்டோவே வாங்குகிறேன். ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி சேர்க்கலாமா?

வடவள்ளி: வேண்டாமுங்க. ஏஞ்சல் விழுங்கப் பார்க்கும். ஓட்டோ முள்ளை விரித்துக்கொண்டு தொண்டையில் மாட்டினால் இரண்டுமே போய்விடும். இறால் விடுங்கள், தொந்தரவே இல்லை.