பெரல் ஸ்மோக்கர்ல சூடு ஒரு எடத்துல நிக்கவே மாட்டேங்குது

கொட்டக்கலை பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். 200 லீட்டர் பெரல் ஒன்ன பட்டறையில குடுத்து, இறைச்சிய புகையில வேக வைக்கிற ஸ்மோக்கர் செஞ்சிருக்கேன், அடியில முக்கா இஞ்ச் ஓட்டை நாலு, மூடியில ரெண்டு இஞ்ச் பைப் ஒன்னு, கரிக்கூடை தரையிலருந்து ஒரு சாண் ஒசரத்துல நிக்குது. சிரட்டைக் கரிதான் போடுறேன். பத்த வெச்சு அரை மணித்தியாலத்துல 170 டிகிரி செல்சியசுக்கு ஏறிருது, பயந்துபோய் மேல பைப்ப பாதி மூடுனா கொஞ்ச நேரத்துல 80க்கு வந்துருது, தொறந்தா மறுபடி ஏறுது, நாள் பூரா இதே கூத்து. போன ஞாயித்துக்கெழம மூனு கிலோ பன்னி இறைச்சி வெச்சேன், வெளிய கறுப்பு, வாயில வெச்சா ஒரே கசப்பு. அம்மா "என்னடா இது, கஷாயத்துல ஊறப்போட்டியா"ன்னு கேக்குறாங்க. 110, 120லயே ஆறு மணித்தியாலம் நிக்கணும், என்ன செய்யலாம்? மழைன்னா குசினிக்குள்ளதான் வெச்சு செய்றேன்.

ஸ்டோர்காரன்:
தம்பி மொதல்ல அத குசினிய விட்டு வெளிய எடு. கரியிலருந்து வர்ற கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசமும் இல்ல நிறமும் இல்ல, தலை சுத்துறப்பதான் தெரியும். நாலு கம்பு நட்டு மேல தகரம் போட்டு பக்கத்த தொறந்து வையி.

கசப்புக்கு காரணம் நீ மேல பைப்ப மூடுனதுதான். புகை போக வழியில்லாம உள்ளயே சுத்தி, தார் மாதிரி இறைச்சியில படியுது. மேல எப்பவும் முழுசா தொறந்திருக்கட்டும், சூட்ட அடி ஓட்டையில மட்டும் புடி. நான் ஸ்டோர்ல, அதான் தேயிலை ஃபெக்டரியில, ட்ரையர் பக்கம் நெறைய வருசம் நின்னவன், காத்த கூட்டிக் கொறைக்கிற டேம்பர ஒரு நூல் திருப்பிட்டு மீட்டர் அசையிறதுக்குள்ள இன்னொரு நூல் திருப்புறவன் கையில அன்னைக்கி தூள் ஒழுங்கா வராது. இதுவும் அதேதான், ஒரு ஓட்டைய மூடுனா கால் மணித்தியாலம் சும்மா இரு.

இன்னொன்னு, கரி எல்லாத்தையும் ஒன்னா பத்த வெச்சுருக்கன்னு நெனக்கிறேன். பத்தாத கரிய கூடை நெறய போட்டு நடுவுல குழி வெச்சு, தணலான கரி பத்து பன்னெண்டு துண்டு மட்டும் அதுல போடு, மெதுவா பக்கத்துக்கு பரவும். 90 வந்ததுமே ஓட்டைய அடைக்க ஆரம்பி, 120 வந்தப்புறம் அடைச்சா அது 150ல போய்தான் நிக்கும். ஏத்துறது லேசு, எறக்குறதுதான் பெரும்பாடு.

பண்டாரவளை மச்சான்:
அண்ணன் சொன்னதோட இதையும் பாரு மச்சான், அடி ஓட்டை எல்லாத்தையும் அடைச்சும் சூடு எறங்கலன்னா எங்கயோ களவாக் காத்து வருது. மூடி ஓரத்துல புகை கசியுதான்னு பாத்து, பிரியாணி தம்முக்கு ஒட்டுற மாதிரி கோதும மாவ பெசஞ்சு ஒட்டிப் பாரு, அன்னைக்கி சமையலுக்கு தாங்கும். எங்க பக்கம் ஆடி மாசம் கச்சான் காத்து அடிச்சா ஓட்டைக்கு நேரா ஊதி கரி உலை மாதிரி ஆகிரும், நான் காத்து வர்ற பக்கத்து ஓட்டைய எப்பவும் அடைச்சிருவேன்.

மீட்டரையும் நம்பாத. மூடியில மாட்டுனது ஒன்னு காட்டும், கம்பி மேல இறைச்சி பக்கத்துல வேற இருக்கும். கொதி தண்ணியில வெச்சு பாக்குறப்ப 100 காட்டலன்னு தூக்கி எறிஞ்சிறாத, நம்ம ஒசரத்துல தண்ணி கொறஞ்ச சூட்டுலயே கொதிக்கும், ஹட்டன் பக்கம் 96 கிட்ட, நுவரெலியால 94 கிட்ட. நான் இது தெரியாம நல்ல மீட்டர் ஒன்ன கடையில திருப்பிக் குடுத்து சண்டையும் புடிச்சேன்.

பதுளை அக்கா:
சிரட்டைக் கரிய சலிச்சுட்டு போடுங்க தம்பி, தூளும் சாம்பலும் அடியில அடைச்சா காத்து ஏறாது, நீங்க ஓட்டைய தொறந்தாலும் சூடு வராது. வாசத்துக்கு நல்லா காஞ்ச கொய்யாக் கட்டை ரெண்டு துண்டு போதும். பைன் மரக் கட்டையும் டர்பன்டைன் மரக் கட்டையும் வேண்டவே வேண்டாம், தைலம் பூசுன மாதிரி இருக்கும். மிலாறு, அதான் கவ்வாத்து வெட்டுன தேயிலைக் குச்சி, போட்டுப் பாத்தேன், மெல்லிசா இருக்கதால பட்டுன்னு எரிஞ்சு சூட்ட ஏத்திவிட்டுருது. கட்டைய தண்ணியில ஊறவைக்காதீங்க, வெள்ளப் புகைதான் வரும். லேசா நீலமா, இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு வரணும். தண்ணி சட்டி ஒன்னு உள்ள வெச்சா சூடு குதிக்காது.

பண்டாரவளை மச்சான்:
தண்ணி சட்டி வேண்டாம்க்கா, மூடுபனி நேரத்துல அந்த தண்ணிய சூடாக்கவே பாதிக் கரி போயிரும். மணல் போட்டு ஃபோயில் சுத்தி வெச்சா போதும்.

பதுளை அக்கா:
மணலு எறச்சிய காயாம வெச்சிருக்குமா என்ன.

கொட்டக்கலை பொடியன்:
எல்லாருக்கும் நன்றி, இன்னைக்கி வெளியவே வெச்சேன். மேல முழுசா தொறந்து அடியில ஒன்னரை ஓட்டை, நாலு மணித்தியாலமா 115லயே நிக்குது, நம்பவே முடியல. ஆனா இறைச்சிக்குள்ள குத்துன மீட்டர் 68க்கு வந்து ஒன்னரை மணித்தியாலமா அசையல. இன்னொரு ஓட்டைய தொறக்கவா? மீட்டர் செத்துப்போச்சா?

ஸ்டோர்காரன்:
இறைச்சி வேர்க்குது தம்பி. நமக்கு வேர்த்தா ஒடம்பு குளிருதே, அதே மாதிரி ஈரம் ஆவியாப் போறப்ப சூடு ஏறாம அங்கயே நிக்கும். ஓட்டையில கை வைக்காத. அவசரம்னா ஃபோயில்ல சுத்தி வையி, 93 கிட்ட வந்ததும் குச்சி வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்கும், அப்ப எடு. அதுவரைக்கும் போய் பிளேன்டீ குடி.